கைப்பிடி அரிசியும் ஒரு பேராயரும்: அசரியாவின் தோர்ணக்கல் ஊழியம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முழுசா மாற்றாமல், படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கோம்.)

 திருத்தணியிலிருந்து பேசுறேன். போன சில எபிசோடுகளில் கோயில், கல்வெட்டு, ரயில் பாதைன்னு பார்த்தோம். இந்த வாரம் நம்ம ஊர்ப் பக்கத்துச் சர்ச் வரலாறு. அதிலும் ஒரே ஒரு கேள்வி: ஊழியத்தில் உண்மையா இருக்கிறதுன்னா, தினசரி வாழ்க்கையில் அது எப்படி இருக்கும்? ஞாயிற்றுக்கிழமை மேடையில் இல்லை. திங்கட்கிழமை காலையில், அடுப்படியில், சம்பளக் கணக்கில்.

இந்தக் கேள்விக்குத் தன் வாழ்க்கையையே பதிலா வெச்ச ஒரு தமிழர் இருக்கார். வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஆங்கிலிக்கன் சபையில் பேராயரான முதல் இந்தியர். அவரிடம் போறதுக்கு முன்னாடி, நம்ம ஊரிலிருந்தே ஆரம்பிப்போம்.

திருத்தணிப் பையன் படித்த மிஷன் பள்ளிகள்

சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ஆம் தேதி பிறந்தது இந்த ஊர்ப் பக்கம்னு எல்லாருக்கும் தெரியும். அவர் எங்கே படித்தார்னு பெரும்பாலும் பேசுறதில்லை. 1896-இல் திருப்பதிக்குப் போய் லுத்தரன் மிஷன் பள்ளியில் சேர்ந்தார். அது ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷன் நடத்தின பள்ளி. 1900-இல் வேலூர், இன்னைக்கு நாம ஊரிசு கல்லூரின்னு சொல்ற இடம். அது அமெரிக்காக்காரங்க நடத்தின ஆற்காடு மிஷனுடையது. அப்புறம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, அது ஸ்காட்லாந்துக்காரங்க நடத்தினது.

அந்த வகுப்புகளில் இந்து சமயத்தைப் பற்றி மிஷனரிகள் வைத்த விமர்சனம் தன்னை உறுத்தியதாகவும், அதுதான் தன்னை இந்தியத் தத்துவத்தைத் தேடிப் படிக்க வெச்சதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கார்.

நான் இதை இங்கே சொல்றதுக்குக் காரணம் வேற. ஜெர்மனி, அமெரிக்கா, ஸ்காட்லாந்து. நம்ம பக்கத்தில் அன்னைக்குச் சபையின் முகம் இதுதான். பணம் கடல் தாண்டி வரும், உத்தரவும் கடல் தாண்டி வரும். வெயிலில் ஊர் ஊரா நடந்து போய்ப் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்து, ஜெபம் நடத்தி, சாவுக்கும் கல்யாணத்துக்கும் கூட நின்றவங்க தமிழும் தெலுங்கும் பேசின உபதேசியார்கள். ஆனா முடிவு எடுக்கிற நாற்காலி அவங்களுடையது இல்லை.

ஒரு கணக்கு சொல்றேன். புராட்டஸ்டன்ட் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆரோன். தரங்கம்பாடியில், 1733-இல். ஆங்கிலிக்கன் சபை ஒரு இந்தியரைப் பேராயர் ஆக்கியது 1912-இல். ரெண்டும் வேற வேற சபைப் பிரிவுதான். ஆனாலும் முதல் இந்தியப் போதகருக்கும் முதல் இந்தியப் பேராயருக்கும் நடுவில் 179 வருஷம்.

யாழ்ப்பாணத்தில் பார்த்தது

அசரியா பிறந்தது 1874-இல், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில். அப்பா தாமஸ் வேதநாயகம் ஒரு கிராமப் போதகர். அசரியாவும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில்தான் படித்தார், ராதாகிருஷ்ணனுக்குப் பத்து வருஷம் முன்னாடி. பட்டம் வாங்காமலே வெளியே வந்து, ஒய்.எம்.சி.ஏ.வில் செயலாளராச் சேர்ந்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஷெர்வுட் எடி அவருக்கு நெருங்கின நண்பர். ரெண்டு பேரும் சேர்ந்து ஊர் ஊராப் போனாங்க. ஒரு வெள்ளைக்காரரோடு சமமா நட்பு வைக்க முடியும்னு அசரியாவுக்கு அனுபவத்தில் தெரியும். பின்னாடி எடின்பரோ வரும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

1902-இல் அவர் யாழ்ப்பாணம் போறார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத் தங்கள் ஆட்களையே வெளியூர் ஊழியத்துக்கு அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. அது அவரை உலுக்கிடுச்சு. திருநெல்வேலியில் கிறிஸ்தவம் தலைமுறை தலைமுறையா இருக்கு, பெரிய பெரிய கோயில்கள் இருக்கு. ஆனா, நாம யாருக்கு எதை அனுப்பினோம்? வாங்கிக்கிட்டு மட்டும்தானே இருக்கோம்?

அடுத்த வருஷமே, 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. வெளிநாட்டுப் பணம் இல்லை, வெளிநாட்டு மேலாளர் இல்லை. அந்தச் சங்கம் இன்னைக்கும் இயங்குது. 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்தின் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம். அதன் கொள்கை: ஆளும் இந்திய ஆள், பணமும் இந்தியப் பணம், நிர்வாகமும் இந்திய நிர்வாகம். வருஷத்தைக் கவனிங்க. ரெண்டு மாசம் முன்னாடிதான் கர்சன் வங்காளத்தைப் பிரிச்சார், சுதேசி இயக்கம் கொதிச்சுக்கிட்டு இருந்தது. நாடு சுதேசித் துணியைப் பற்றிப் பேசினப்போ, இவங்க சுதேசி ஊழியத்தைப் பற்றிப் பேசினாங்க.

தெலுங்கு கற்றுக்கொண்ட தமிழர்

திருநெல்வேலிச் சங்கம் வேலைக்குத் தேர்ந்தெடுத்த இடம் தோர்ணக்கல். அன்னைக்கு நிஜாம் ஆட்சி, இன்னைக்குத் தெலங்கானா மாநிலத்தின் மகபூபாபாத் மாவட்டம். ஒரு ரயில் ஜங்ஷன், சுற்றிலும் கிராமங்கள். ஜனங்க பேசுறது தெலுங்கு.

1909-இல் அசரியா ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டார், குருப்பட்டம் பெற்றார், குடும்பத்தோடு அங்கே போனார். முதலில் கூடாரத்தில்தான் தங்கல். வயசு 35. நாடு முழுக்கப் பேச்சாளராப் பேர் எடுத்தவர், ஒரு புது மொழியைக் குழந்தை மாதிரி முதலிலிருந்து கத்துக்க வேண்டிய நிலை.

நம்ம திருத்தணி ஆட்களுக்கு இது சாதாரணமாத் தோணலாம். இங்கே கடைத்தெருவில் ஒரே வாக்கியத்தில் ரெண்டு மொழியும் வரும். ஆனா இதே ஊர் எந்த மாநிலத்துக்குன்னு எவ்வளவு பெரிய போராட்டம் நடந்தது! ம.பொ.சி. தலைமையில் வடக்கெல்லைப் போராட்டம், படாஸ்கர் தீர்ப்பு, கடைசியா 1960 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் திருத்தணி சென்னை மாகாணத்துக்கு வந்தது. மொழி ஒரு எல்லைக்கோடா மாறினா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அதுக்கு அரை நூற்றாண்டு முன்னாடி, அந்தக் கோட்டை ஒருத்தர் தானாவே தாண்டிப் போய், கடைசி வரைக்கும் அந்தப் பக்கமே இருந்துட்டார். அங்கே ஜனங்க அவரை ‘தண்ட்ரிகாரு’ன்னு கூப்பிட்டாங்க. அர்த்தம் இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

அவர் மனைவி அன்பு மரியம்மாள், தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களில் கல்லூரி வரை படித்த முதல் சிலரில் ஒருத்தர். அவங்களும் தெலுங்கு கத்துக்கிட்டு, கிராமப் பெண்களோடு வேலை செஞ்சாங்க.

எடின்பரோவில் ஒரு பேச்சு

1910 ஜூன். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு. சுமார் 1200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து வந்தவங்க 20 பேருக்கும் குறைவு. அதில் ஒருத்தர் அசரியா. வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்றதுங்கிறது அவருக்குக் கொடுத்த தலைப்பு.

நன்றி சொல்லிட்டு உட்கார்ந்திருக்கலாம். அவர் செய்யலை. மிஷனரிக்கும் இந்திய ஊழியருக்கும் இருக்கிற உறவு பல இடங்களில் சம்பளம் தர்ற முதலாளி, சம்பளம் வாங்குற வேலையாள் உறவாத்தான் இருக்குன்னு நேருக்கு நேர் சொன்னார். அவங்க செய்த தியாகத்தை அவர் மறுக்கலை. சொத்தை, உடம்பை எல்லாம் கொடுத்தீங்கன்னு ஒப்புக்கிட்டார். அன்பு இல்லாம எல்லாத்தையும் கொடுத்தாலும் பயன் இல்லைன்னு பவுல் கொரிந்து சபைக்கு எழுதின பகுதியை மனசில் வெச்சு, கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள் வெச்சார்: எங்களுக்கு நண்பர்கள் வேணும்.

அரங்கில் சிலருக்குச் சங்கடம், சிலருக்குக் கோபம். ஆனா அந்த மாநாட்டைப் பற்றி இன்னைக்கு எழுதுறவங்க யாரும் அந்தப் பேச்சை விட்டுட்டு எழுதுறதில்லை.

ரெண்டு வருஷம் கழித்து, 1912 டிசம்பர் 29-ஆம் தேதி, கல்கத்தா புனித பவுல் பேராலயத்தில் அவர் தோர்ணக்கல் பேராயரா அபிஷேகம் பண்ணப்பட்டார். சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட் இதற்காக வாதாடினார். எதிர்ப்பும் இருந்தது. ‘இந்தியர் கீழே ஐரோப்பியர் எப்படி வேலை செய்ய முடியும்?’ங்கிற கேள்வி வெளிப்படையாவே வந்தது. இதுக்கு ஒரு பின்னணி உண்டு. ஆப்பிரிக்காவில் சாமுவேல் அஜயி கிரௌதர் 1864-லேயே ஆங்கிலிக்கன் பேராயர் ஆனார். கடைசிக் காலத்தில் இளம் வெள்ளை மிஷனரிகள் அவர் அதிகாரத்தை ஓரங்கட்டினாங்க. 1891-இல் அவர் இறந்ததும் அந்த இடத்துக்கு ஒரு ஐரோப்பியரைத்தான் போட்டாங்க. அதனால அசரியா தோற்றா அது ஒரு மனுஷனின் தோல்வியா எண்ணப்படாது. ‘பார்த்தீங்களா, இவங்களால முடியாது’ன்னு சொல்றதுக்கு ஒரு கூட்டம் தயாரா இருந்தது.

ஒரு கைப்பிடி

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். தோர்ணக்கல் சபையில் சேர்ந்தவங்க பெரும்பாலும் மாலா, மாதிகா சாதி மக்கள். நிலம் கிடையாது. பண்ணையார் வயலில் கூலி. பலர் தலைமுறைக் கடனில் கட்டுண்டவங்க. இவங்ககிட்ட போய், ‘உங்க சபையை நீங்களே தாங்கணும்’னு ஒருத்தர் சொன்னா என்ன சொல்வோம்? மனசாட்சி இருக்கான்னு கேட்போம்.

அசரியா சொன்னார். அதுக்கு அவர் வெச்ச வழி, அடுப்படியில் இருந்தது. தினமும் சமைக்க தானியத்தை எடுக்கும்போது, வீட்டு அம்மா அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடணும். அரிசியோ சோளமோ, அன்னைக்கு எது உலைக்குப் போகுதோ அது. சேர்ந்ததைச் சபைக்குக் கொண்டுவரணும். அறுப்புக் காலத்தில் பண்டிகை. நெல், கோழி, காய்கறின்னு விளைந்ததைத் தலையில் சுமந்துக்கிட்டு வருவாங்க.

நான் சாப்ட்வேர் ஆளு, கணக்கு போடாம விட மாட்டேன். இது என் கணக்கு, பழைய ஆவணம் இல்லை. ஒரு கைப்பிடி 50 கிராம்னு வெச்சுக்கோங்க. நாளைக்கு ஒரு தடவை. மாசம் ஒன்றரை கிலோ. ஊரில் 40 வீடுன்னா 60 கிலோ. ஒரு கிராம ஆசிரியர் குடும்பம் சாப்பிட அது போதும். அந்தக் கிராம ஆசிரியர்தான் பகலில் பள்ளி நடத்துவார், ஞாயிறு ஆராதனையும் நடத்துவார். அப்போ அவருக்குச் சோறு போடுறது லண்டன் கமிட்டி இல்லை, பக்கத்து வீட்டுப் பானை. அவர் பதில் சொல்ல வேண்டியதும் அந்தப் பானைக்குத்தான்.

இது புதுப் பழக்கமும் இல்லை. பிடியரிசி நம்ம வீடுகளுக்குத் தெரிந்த விஷயம். பின்னாளில் காஞ்சி மடமும் பிடியரிசித் திட்டம் நடத்தியது. மிசோரம் சபைகளில் இன்னைக்கும் கைப்பிடி அரிசி ஒரு பெரிய வருமானம். எல்லாத்திலும் ஒரு ஒற்றுமை: கொடுக்கிறது பெரும்பாலும் பெண்கள், கொடுக்கிற நேரம் தினசரி.

எங்க தொழிலில் ஒரு விஷயம் அடிக்கடி பார்ப்போம். வெளியூர் டீம் வந்து பிரமாதமா ஒரு சிஸ்டம் கட்டிக் கொடுத்துட்டுப் போயிடும். ஆறு மாசத்தில் யாரும் தொடாம அது செத்துப்போகும். ஏன்னா அதைத் தினமும் பார்த்துக்கிற ஆளை யாரும் உருவாக்கலை. அசரியாவின் கவலையும் கிட்டத்தட்ட அதுதான். வாங்கிக்கிட்டே இருக்கிறவன் எப்பவும் விருந்தாளி. கொடுக்க ஆரம்பிச்சவன் வீட்டுக்காரன். ஏழைக்கிட்ட கேட்காம விடுறது இரக்கம் மாதிரி தெரியும். ஆனா ‘உன்கிட்ட கொடுக்க ஒண்ணுமில்லை’ன்னு நிரந்தரமாச் சொல்றதும் அதுதானே?

இங்கே ஒரு வித்தியாசத்தைத் தெளிவாச் சொல்லணும். ‘நீ கொடு, உனக்கு நூறு மடங்கு திரும்ப வரும்’னு சொல்ற பிரசங்கம் இன்னைக்கு மொபைலைத் திறந்தாலே கேட்கும். கூடவே க்யூஆர் கோடும் வரும். அது கொடுக்கிறதை முதலீடா மாத்துது. தோர்ணக்கல் பானையில் போட்டது எங்கே போச்சுன்னு போட்ட அம்மாவுக்குத் தெரியும். அவங்க பிள்ளைக்கு எழுத்து சொல்லிக்கொடுத்த வாத்தியார் வீட்டுக்குப் போச்சு.

ஞானஸ்நானத்துக்கு அடுத்த நாள்

அசரியா மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாப் போவார். ஞானஸ்நானம் வாங்கினவங்களைத் தங்கள் கையைத் தங்கள் தலைமேலேயே வெச்சுக்கச் சொல்வார். நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷம் சொல்லாம என்னால் இருக்க முடியாதுங்கிற அர்த்தத்தில் ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்ல வைப்பார். எழுதப் படிக்கத் தெரியாத கூலிக்காரர், நேத்துச் சேர்ந்தவர். ‘பத்து வருஷம் கத்துக்கிட்டு வா, அப்புறம் பேசலாம்’னு அவர் சொல்லலை. இன்னைக்கே நீ ஊழியக்காரன்.

ஆனா வாயால் சொன்னா மட்டும் போதாது. அழுக்கு, நோய், கடன், குடி. இந்த நாலையும் கிராமத்தின் நாலு பேய்கள்னு அவர் சொல்வார். சாதியைப் பேசாம இருந்தார்னும் இல்லை. ஒரே பாத்திரத்தில், ஒரே பந்தியில் உட்காராத சபை சபையே இல்லைங்கிறது அவர் பிடிவாதம். எடின்பரோவில் மிஷனரிகளிடம் அவர் கேட்டது நட்பு. தோர்ணக்கலில் அதே கேள்வி அவரிடமே திரும்பி வந்தது. திருநெல்வேலியிலிருந்து பணமும் படிப்பும் பதவியுமா வந்த தமிழர், இந்த மாதிகாக் குடும்பத்துக்கு இன்னொரு துரையா, இல்லை நண்பரா? பதிலை அவர் அவங்க வீடுகளில், அவங்க கையால் சாப்பிட்டுச் சொன்னார்.

பாட்டிலும் இதே போக்கு. ஆங்கிலப் பாமாலையை மொழிபெயர்த்துப் பாடுறதோட நிற்காம, தெலுங்குக் கீர்த்தனை, பஜனை, கோலாட்டத்துக்கெல்லாம் இடம் கொடுத்தார். 1939 ஜனவரியில் பிரதிஷ்டை பண்ணின தோர்ணக்கல் பேராலயத்தில் கோயில் சாயலும் மசூதி சாயலும் சேர்ந்தே இருக்கும். அதைக் கட்டி முடிக்க ரொம்ப வருஷம் ஆச்சு. கோபுரத்தை விடக் கிராம ஆசிரியர்களுக்குத்தான் பணம் முதலில் போச்சு. அவர் கடைசி வருஷங்களில் அந்த மறைமாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் ரெண்டு லட்சத்துக்கும் மேல்.

எல்லாம் சரியா நடந்ததா?

இல்லை. மாலாவும் மாதிகாவும் ஒரே சபைக்குள் வந்தாலும் அவங்களுக்கு நடுவே இருந்த பிளவு மறையலை. பல ஊர்களில் அந்தச் சண்டை சபைக்குள்ளேயே தொடர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சியோடு கட்டுண்ட ஒரு சபையின் பேராயர் அவர். சுதந்திரப் போராட்டத்தில் அவர் எங்கே நின்றார்ங்கிற கேள்விக்கு எளிதான பதில் கிடையாது. ஆனா ஒண்ணு சொல்லணும். 1932-இல் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி கொடுத்தப்போ, வேண்டாம்னு சொன்ன கிறிஸ்தவத் தலைவர்களில் அவரும் ஒருத்தர். சபை ஒரு அரசியல் கட்சியா மாறிடக் கூடாதுங்கிறது அவர் வாதம்.

1930-களின் நடுவில் காந்தி, தலித் மக்கள் கூட்டமா மதம் மாறுவதைக் கடுமையா விமர்சித்தார். தோர்ணக்கல் பற்றியும் எழுதினார். அது மனமாற்றம் இல்லை, தேவைக்காக நடக்கிறதுங்கிறது அவர் கருத்து. அசரியாவின் பதில் ரொம்ப நேரடியானது. இந்த மக்களால் தாங்களா யோசிச்சு ஒரு முடிவு எடுக்க முடியாதுன்னு நாம எப்படிச் சொல்ல முடியும்? கூடவே ஒரு நிகழ்வையும் காட்டினார். அந்த வருஷங்களில் சாதி அடுக்கில் மேலே இருந்த விவசாயிகள் சிலரும் சபையில் சேர ஆரம்பிச்சாங்க. காரணம் கேட்டப்போ அவங்க பிரசங்கத்தைச் சொல்லலை, தங்கள் வயலில் கூலிக்கு வர்றவங்க வாழ்க்கை மாறினதைச் சொன்னாங்க. காந்தி சொன்னதில் ஒரு நியாயம், அசரியா சொன்னதில் ஒரு நியாயம். நீங்க எந்தப் பக்கம் நின்றாலும், அந்த விவாதத்தின் நடுவில் இருந்தது ஏழை மனுஷனின் சுயமரியாதைதான்னு நான் நினைக்கிறேன்.

மிச்சம் இருக்கிறது

1919 மே மாசம் தரங்கம்பாடியில் 33 பேர் கூடி, பிரிந்து கிடக்கும் சபைகள் ஒண்ணாகணும்னு ஒரு அறிக்கை வெளியிட்டாங்க. அதை முன்னின்று நடத்தினவங்களில் அசரியா ஒருத்தர். பேச்சுவார்த்தை 28 வருஷம் இழுத்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை, நாம சி.எஸ்.ஐ.ன்னு சொல்றது, உருவாச்சு. அதைப் பார்க்க அவர் இல்லை. 1945 ஜனவரி 1-ஆம் தேதி தோர்ணக்கலில் இறந்தார்.

அதே 1947-இல் வெள்ளைக்காரங்க கப்பல் ஏறினாங்க. ‘இனி இந்தச் சபைகள் என்ன ஆகும்’னு பல பேர் கேட்டாங்க. தோர்ணக்கல் பக்கத்துக் கிராமங்களுக்கு அந்தக் கேள்வி அவ்வளவு பெரிசாத் தெரிந்திருக்காது. அவங்க பானை அவங்க வீட்டில்தான் இருந்தது.

உங்க ஊரில், சர்ச்சோ கோயிலோ மசூதியோ, இப்படி வீட்டுக்கு வீடு கைப்பிடி எடுத்து வைக்கும் பழக்கம் இருந்திருந்தா, பாட்டிகிட்ட கேட்டு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. எந்தப் பானை, யார் வந்து வாங்கிட்டுப் போவாங்க, எதுக்குப் போச்சுங்கிற விவரத்தோட சொல்லுங்க. வர்றதையெல்லாம் சேர்த்து ஒரு எபிசோடு பண்ணலாம். அடுத்த வாரம் பார்ப்போம்.